தலைக்காயம் ஆறிய பிறகும் அசதி தீரவில்லையா? பட்டாணி அளவு சுரப்பி ஒன்றைப் பார்க்க வேண்டும்

"இவரு முன்னயெல்லாம் தெனம் சேவிங் பண்ணுவாருங்ணா. இப்ப வாரத்துக்கு ஒருக்கா பண்ணுனாலே பெரிய விஷயம். தாடியே வளர மாட்டேங்குது."

மச்சானின் மனைவி, அதாவது என் தங்கச்சி, இதைப் புகாராகச் சொல்லவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார். மச்சான் கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது நாய் குறுக்கே ஓடி, பைக்கோடு விழுந்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரி, அதில் நான்கு நாள் ஐசியு. மண்டையோட்டின் அடிப்பகுதியில் ஒரு விரிசல், மூளையின் முன்பக்கம் கொஞ்சம் ரத்தக்கசிவு. ஆபரேஷன் தேவைப்படவில்லை. மூன்றாவது மாதமே வேலைக்குப் போய்விட்டார். கை கால், பேச்சு எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஆள் பழைய ஆள் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் மெஷின் முன்னால் நிற்க முடியாது. ஃபேன் போட்டால் குளிர்கிறது என்பார். ஐந்து கிலோ ஏறியிருந்தது, அத்தனையும் வயிற்றில். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "தலையில அடிபட்டிருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்."

நானும் அதையேதான் சொன்னேன். நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். விபத்து நடந்த ஆறாவது மாதம் அவருக்கு நானே ரத்தம் எடுத்து தைராய்டு பார்த்தேன். தைராய்டுக்கு வழக்கமாகப் பார்க்கும் எண்ணான டி.எஸ்.எச். 2.1. "நார்மல் மச்சான், ஒண்ணும் இல்ல" என்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தேன். எண் சரி. நான் சொன்ன பதில் தவறு. அது ஏன் என்று எனக்குப் புரிவதற்கு இந்த ஷேவிங் பேச்சு வர வேண்டியிருந்தது.

செடி ஆடினால் காம்பு என்ன ஆகும்?

இரண்டு கண்களுக்கும் நடுவே, மூக்குக்குப் பின்னால் உள்ளே போய்க்கொண்டே இருந்தால், மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு சின்னக் குழி வரும். குதிரைச் சேணம் போல வளைந்திருப்பதால் உடற்கூறியலில் அதற்குத் துருக்கிச் சேணம் என்று பெயர். அதற்குள் உட்கார்ந்திருப்பதுதான் பிட்யூட்டரி சுரப்பி. பட்டாணி அளவுதான் இருக்கும், எடை அரை கிராம் சுமார். தமிழில் கபச்சுரப்பி என்றும் சொல்வதுண்டு. மூளையிலிருந்து வடியும் சளி இதன் வழியாகத்தான் மூக்குக்கு வருகிறது என்று பழங்கால ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பியதால், சளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லையே இதற்கு வைத்தார்கள். சளிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இதன் வேலை உத்தரவு அனுப்புவது. தைராய்டுக்கு டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி வேலை வாங்கும். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு ஏ.சி.டி.எச். அனுப்பும், அதைப் பார்த்து அட்ரினல் கார்ட்டிசாலைச் சுரக்கும். ஆணின் விந்தகத்துக்கும் பெண்ணின் சினைப்பைக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று இரண்டு. வளர்ச்சி ஹார்மோன் தனி. பிட்யூட்டரியின் பின்பாதி வழியாக வேசோப்ரெஸ்ஸின் என்று இன்னொன்று வருகிறது, உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைப்பது அதன் பொறுப்பு. பிட்யூட்டரிக்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி இருக்கிறது, அதுதான் மேலதிகாரி. இரண்டையும் இணைப்பது ஒரு மெல்லிய காம்பு.

தலை ரோட்டில் மோதும்போது மண்டைக்குள் மூளை குலுங்குகிறது, திருகிக்கொள்கிறது. பிட்யூட்டரியோ எலும்புக் குழிக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. செடி பேயாட்டம் ஆடுகிறது, காய் மட்டும் தொட்டிக்குள் சிக்கியிருக்கிறது என்றால், நடுவில் காம்பு என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காம்புதான் இங்கே வாய்க்கால். பிட்யூட்டரியின் முன்பாதிக்கு ரத்தம் பெரும்பாலும் நேரடித் தமனி வழியாக வருவதில்லை. மேலே ஹைப்போதலாமஸ் பக்கம் போன ரத்தம், காம்போடு இறங்கும் நீளமான மெல்லிய நாளங்கள் வழியாக இங்கே வந்து சேர்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கடைமடை என்றால் விளக்க வேண்டாம். மேலே மதகில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். இந்தச் சுரப்பியிலும் ஒரு கடைமடை இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனையும் பாலின ஹார்மோன்களுக்கான உத்தரவையும் தயாரிக்கும் செல்களில் பெரும்பகுதி, அந்த நீள நாளங்களையே நம்பியிருக்கும் ஓரப் பகுதிகளில் இருக்கிறது. நடுவில் இருக்கும் ஏ.சி.டி.எச்., டி.எஸ்.எச். செல்களுக்குக் கீழ்ப்பக்கமிருந்தும் கொஞ்சம் ரத்தம் கிடைக்கும். அதனால்தான் தலைக்காயத்துக்குப் பிறகு வளர்ச்சி ஹார்மோன் குறைவதும் பாலின ஹார்மோன் குறைவதும் அடிக்கடி காணப்படுகின்றன. காம்பு இழுபடுவது ஒரு வழி மட்டுமே. மூளை வீங்கி அழுத்தம் ஏறினாலும், விபத்தில் ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் சரிந்தாலும் இதே கதி நேரலாம்.

பழைய சங்கதி, புதிய கவனம்

அடிபட்ட பின் பிட்யூட்டரி செயலிழந்த நோயாளி பற்றிய முதல் குறிப்பு 1918-ல் ஜெர்மனியில் வெளியானது. அதன் பிறகும் இது அபூர்வ நோய் என்ற நினைப்பு பல பத்தாண்டுகள் நீடித்தது. 1942-ல் பிட்யூட்டரி குறைபாடுள்ள 595 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, அடிபட்டதால் வந்ததாகப் பதிவாகியிருந்தது வெறும் 4 பேருக்கு. தேடாததால்தான் கிடைக்கவில்லை என்பது 2000-க்குப் பிறகு புரிந்தது. டப்ளினில் 102 தலைக்காய நோயாளிகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில் 28 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு ஹார்மோனாவது குறைந்திருந்தது. 2007-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கட்டுரை பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ அதே கணக்கு, 27.5 சதவீதம்.

இந்த எண்ணைப் படித்ததும் பயப்பட வேண்டாம். எந்தச் சோதனை, எந்த எல்லைக்கோடு என்பதைப் பொறுத்து ஆய்வுக்கு ஆய்வு சதவீதம் மிகவும் மாறுகிறது. ஆராய்ச்சி மையங்களுக்கு வருபவர்கள் பெரும்பாலும் பலத்த காயம் பட்டவர்கள் வேறு. எல்லாத் தலைக்காயக்காரருக்கும் சோதனை தேவையா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. "அபூர்வம், பார்க்கத் தேவையில்லை" என்று இப்போது பெரும்பாலோர் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பைக்கில் விழுந்தால்தான் என்றும் இல்லை. துருக்கியின் கைசேரி நகரத்தில் 11 குத்துச்சண்டை வீரர்களைச் சோதித்ததில் 5 பேருக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் ஒரே பெரிய அடி இல்லாமல், வருடக்கணக்கில் தலையில் வாங்கும் குத்துகளும் போதும் என்ற சந்தேகத்தை அது கிளப்பியது. ஆப்கானிஸ்தானில் குண்டுவெடிப்பில் சிக்கிய பிரிட்டிஷ் ராணுவத்தினரிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் சில நாட்கள்

ஐசியுவில் இருக்கும்போது பிட்யூட்டரி விஷயத்தில் பார்க்க வேண்டியவை இரண்டே இரண்டு, கார்ட்டிசாலும் தண்ணீரும்.

கார்ட்டிசால் உடம்பின் நெருக்கடிக் கால ஹார்மோன். பலத்த காயம் பட்டால் அது எகிற வேண்டும். எகிறாமல் கீழே கிடந்தால் ரத்த அழுத்தம் விழும், எவ்வளவு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினாலும் நிமிராது. சோடியம் குறையும், சர்க்கரை குறையும். இது உயிருக்கு ஆபத்து. டாக்டர்கள் ரிசல்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியைத் தொடங்குவதும் உண்டு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஹைட்ரோகார்ட்டிசோன் ஒரு ஸ்டீராய்டு. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் மூளை வீக்கம் வடியும் என்று ஒரு காலத்தில் நம்பி அள்ளிக் கொடுத்தார்கள். 10,008 நோயாளிகளிடம் நடந்த கிராஷ் என்ற பெரிய ஆய்வு 2004-ல் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதிக அளவு ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9. காயத்துக்கு மருந்தாக ஸ்டீராய்டு கூடாது. உடம்பே சுரக்க வேண்டியது சுரக்காதபோது, குறைந்த அளவை மட்டும் ஈடுகட்டுவது வேறு விஷயம்.

அடுத்தது தண்ணீர். வேசோப்ரெஸ்ஸின் குறைந்தால் சிறுநீர் நிறமே இல்லாமல் தண்ணீர் மாதிரி லிட்டர் கணக்கில் போகும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 3 லிட்டரைத் தாண்டினால் சந்தேகப்படுவார்கள். தாகம் தாங்க முடியாது. நினைவில்லாமல் படுத்திருப்பவர் தண்ணீர் கேட்கவும் முடியாது, ரத்தத்தில் சோடியம் ஏறிக்கொண்டே போகும். இதற்குப் பழைய பெயர் டயாபடீஸ் இன்சிபிடஸ். டயாபடீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் சர்க்கரை நோய் என்று நினைத்துக்கொள்வதால், ஆபத்தான தவறுகள் நடந்து, 2022-ல் சர்வதேச மருத்துவர் குழு பெயரையே வேசோப்ரெஸ்ஸின் குறைபாடு என்று மாற்றச் சொன்னது. நல்ல மாற்றம். எங்கள் லேபுக்கே "டயாபடீஸ்ன்னு எழுதியிருக்கு, சுகர் பாருங்க" என்று சீட்டோடு வந்தவர்கள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இது சில நாளிலோ வாரத்திலோ தானே சரியாகிவிடும். சிலருக்கு டெஸ்மோபிரெஸ்ஸின் மருந்து தொடர வேண்டிவரும்.

தைராய்டு, பாலின ஹார்மோன், வளர்ச்சி ஹார்மோன் மூன்றையும் இந்தச் சமயத்தில் பார்த்துப் பயனில்லை. எந்தப் பெரிய நோயிலும் அவை தற்காலிகமாக மாறும். குறைந்திருக்கிறது என்று தெரிந்தாலும் அப்போது யாரும் மருந்து தொடங்க மாட்டார்கள்.

அப்புறம், மாதக் கணக்கு

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அந்த 48 மணி நேரம் உயிரைக் காப்பாற்றும் நேரம். 2022-ல் இந்தியாவில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இப்படிப் பிழைத்து வீட்டுக்கு வந்தவர்களின் பிட்யூட்டரிக் கணக்கு மணியில் ஓடுவதில்லை, மாதத்தில் ஓடுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "3 வாரம் கழித்து நியூரோ ரிவ்யூ" என்று இருக்கும். ஹார்மோன் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

2005-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரைப்படி ஹார்மோன் சோதனை 3-ம் மாதமும் 12-ம் மாதமும். பிறகு வந்தவை சில முதல் சோதனையை 3 முதல் 6 மாதத்துக்குள் என்கின்றன. ஏன் இரண்டு தடவை? ஆரம்பத்தில் குறைந்திருந்தது பலருக்கு மீண்டுவிடும். வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வேண்டியதில்லை. சிலருக்கு நேர்மாறாக, மூன்றாம் மாதம் ஒழுங்காக இருந்தது வருடக் கடைசியில் குறைந்திருக்கும்.

யாருக்கு? கோமா நிலையை அளக்க கிளாஸ்கோ அளவுகோல் என்று ஒன்று உண்டு, 3 முதல் 15 வரை, எண் குறையக் குறைய மோசம். சேர்க்கும்போது அது 12 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள், மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்தவர்கள், ஐசியுவில் நாட்கணக்கில் இருந்தவர்கள், ஸ்கேனில் ரத்தக்கசிவோ வீக்கமோ தெரிந்தவர்கள், மூளையில் ஆபரேஷன் ஆனவர்கள் ஆகியோருக்கு அவசியம் பார்க்கலாம். கதவில் இடித்துக்கொண்டு ஒரு நாள் தலைவலியோடு சரியானவருக்குத் தேவையில்லை. லேசான அடிதான், ஆனால் மாதங்கள் ஆகியும் அசதி விடவில்லை என்றால் டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

சிக்கல் என்னவென்றால், ஹார்மோன் குறைந்தால் வரும் தொந்தரவும் மூளைக்காயத்தின் தொந்தரவும் ஒரே முகம். அசதி, மறதி, கவனம் நிற்காமை, எதிலும் பிடிப்பில்லாமை, எரிச்சல், தூக்கக் கோளாறு. இவற்றை வைத்துப் பிரிக்கவே முடியாது. ஹார்மோன் பக்கம் கை காட்டும் அடையாளங்கள் கொஞ்சம் தனி. குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, பசியின்மை, வயிற்றில் மட்டும் ஏறும் சதை, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை, ஆணுக்குத் தாடி வளர்ச்சி குறைவது, பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்பது. தாம்பத்தியம் பற்றி நம் வீட்டு ஆண்கள் டாக்டரிடமே வாய் திறக்க மாட்டார்கள். மச்சானும் திறக்கவில்லை. தாடிதான் காட்டிக் கொடுத்தது.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியாதா என்று கேட்பார்கள். ஸ்கேனில் பிட்யூட்டரி பார்வைக்கு ஒழுங்காக இருந்துகொண்டே வேலை செய்யாமல் இருக்கலாம். ரத்தம்தான் பேச வேண்டும்.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

காலை 8 மணி, வெறும் வயிறு. இந்த நேரத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கார்ட்டிசால் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து, இரவுக்குள் படிப்படியாக இறங்கிவிடும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரானும் காலையில்தான் அதிகம். சாயங்காலம் வேலை முடிந்து வந்து கையை நீட்டினால் எண் குறைவாகத்தான் வரும், அதற்கு அர்த்தமே இல்லை. இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் என்றால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அந்தக் காபிப் பேச்சுக்கு மறுநாள் அவரை ஹார்மோன் டாக்டரிடம், அதாவது எண்டோகிரைனாலஜிஸ்டிடம் அழைத்துப் போனேன். அவர் எழுதிக் கொடுத்தபடி மச்சானுக்கு எடுத்த சோதனையில் வந்தவை இவை: டி.எஸ்.எச். 1.9, ஃப்ரீ டி4 0.62, காலை கார்ட்டிசால் 7.4, டெஸ்டோஸ்டீரான் 148, எல்.எச். 2.1. வளர்ச்சி ஹார்மோனுக்காகப் பார்க்கும் ஐ.ஜி.எஃப்-1 அவர் வயதுக்கு அடிமட்டத்தில்.

முதலில் தைராய்டு. ஃப்ரீ டி4 என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன். எங்கள் லேபில் அதன் கீழ் எல்லை 0.89. மச்சானுக்கு அது தெளிவாகவே குறைவு. ஆனால் டி.எஸ்.எச். நார்மல். இது எப்படி? ஊரில் நாம் பார்க்கும் சாதாரணத் தைராய்டு நோயில் கெட்டுப்போவது கழுத்தில் இருக்கும் தைராய்டு. அது சோம்பினால் மேலிருந்து பிட்யூட்டரி "வேலை செய், வேலை செய்" என்று கத்தும். அந்தக் கத்தல்தான் டி.எஸ்.எச்.; எண் 10, 20 என்று ஏறும். அதனால் டி.எஸ்.எச். ஒன்றைப் பார்த்தாலே போதும் என்ற பழக்கம் எல்லா லேபிலும், எல்லா ஹெல்த் பேக்கேஜிலும் வந்துவிட்டது. அடிபட்டது பிட்யூட்டரி என்றால்? கத்த வேண்டியவருக்கே தொண்டை போய்விட்டது. கீழே தைராய்டு தூங்குகிறது, மேலே சத்தமே இல்லை, ரிப்போர்ட்டில் நார்மல். நான் ஆறாவது மாதத்தில் செய்த தவறு இதுதான். சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்தேன், வேலை நடக்கிறதா என்று பார்க்கவில்லை.

டெஸ்டோஸ்டீரானிலும் அதே தர்க்கம். ஆண்களுக்கு ஏறத்தாழ 300-க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள். 148 இருக்கும்போது பிட்யூட்டரி ஒழுங்காக இருந்தால் எல்.எச். எல்லையைத் தாண்டி ஏறியிருக்கும். 2.1 என்று அடக்கமாக உட்கார்ந்திருந்தால், கோளாறு மேலே. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது, இன்னொரு நாள் காலை மறுபடி எடுக்க வேண்டும். மச்சானுக்கு இரண்டாவது தடவை 161.

பெண்களுக்கு இயற்கையே மாதாமாதம் ஒரு சோதனை வைத்திருக்கிறது. கருத்தடை மாத்திரை போடாமலே மாதவிலக்கு ஒழுங்காக வந்தால் அந்தப் பாதை பெரும்பாலும் சரி. நின்றிருந்தால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரடயாலோடு எல்.எச்., எஃப்.எஸ்.எச்., பால் சுரப்புக்கான புரோலாக்டின் பார்ப்பார்கள். மாதவிடாய் நின்றுபோன வயதில் எஃப்.எஸ்.எச். தானாகவே உயர்ந்திருக்க வேண்டும். அந்த வயதில் அது தாழ்ந்திருந்தால் அதுவே துப்பு.

கார்ட்டிசால்தான் தலைவலி பிடித்த எண். காலையில் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு ஏறத்தாழ உறுதி. 15-க்கு மேலே என்றால் பிரச்சினை இல்லை. நடுவில் வந்தால்? மச்சானின் 7.4 அந்த நடுவெளியில் மாட்டிக்கொண்டது. அப்போது தூண்டுதல் சோதனை. செயற்கை ஏ.சி.டி.எச்.சை ஊசியாகப் போட்டு, அட்ரினல் எவ்வளவு கார்ட்டிசாலை வெளியே தள்ளுகிறது என்று அரை மணி, ஒரு மணி நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது. நம் ஊரில் அந்த மருந்து கிடைப்பது சிரமம், அதனால் பல இடங்களில் மெதுவாக வேலை செய்யும் வேறு ஏ.சி.டி.எச். ஊசியைப் பயன்படுத்துகிறார்கள். பழைய கணக்கில் 18-ஐத் தொட வேண்டும், இப்போதைய சில கருவிகளுக்கு 14, 15 என்றும் எல்லை வைக்கிறார்கள். மச்சானுக்கு உச்சம் 11.8. எந்தக் கணக்கிலும் தேறவில்லை. அடிபட்ட முதல் சில வாரங்களில் இந்தச் சோதனை ஏமாற்றும். முதலாளி ஊருக்குப் போன மறுவாரமும் பட்டறை ஓடத்தானே செய்யும்; உத்தரவு வராமல் மாதங்கள் போனால்தான் அட்ரினல் சுருங்கும்.

வளர்ச்சி ஹார்மோனை நேரடியாக அளப்பது வீண். அது நாள் முழுக்க விட்டுவிட்டுச் சுரப்பதால் எந்த நேரத்தில் எடுத்தாலும் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வரலாம். அதன் நிழலான ஐ.ஜி.எஃப்-1ஐப் பார்ப்பார்கள்; அது நார்மலாக இருந்தாலும் குறைபாடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. உறுதி செய்ய இன்சுலின் போட்டு வேண்டுமென்றே சர்க்கரையை இறக்கிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. வலிப்பு வந்தவர்களுக்கு அதைச் செய்யக் கூடாது, தலைக்காயக்காரர்களில் வலிப்பு சகஜம். அதற்குப் பதில் குளுக்ககான் ஊசி போட்டு மூன்று நான்கு மணி நேரம் உட்கார வைத்து ரத்தம் எடுப்பது பாதுகாப்பானது, வாந்தி வரும் என்பது தவிர.

எண்ணைக் கெடுக்கும் மருந்துகள் ஒரு பட்டாளமே இருக்கின்றன. வலிக்குப் போடும் டிரமடால் போன்றவை கார்ட்டிசாலையும் டெஸ்டோஸ்டீரானையும் இறக்கும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாஸிபைன் இரண்டும் ஃப்ரீ டி4ஐக் குறைத்துக் காட்டும். கருத்தடை மாத்திரை கார்ட்டிசாலை ஏற்றிக் காட்டும். முடி கொட்டுகிறது என்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை தைராய்டு ரிசல்ட்டையே தலைகீழாக்கிவிடும். எல்லாவற்றையும்விட மோசம், மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் பொடிகள். பலவற்றில் ஸ்டீராய்டைக் கலந்திருப்பார்கள், அதுவே பிட்யூட்டரியைத் தூங்க வைக்கும். ரத்தம் கொடுக்கும் முன் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று லேபில் கேட்டால் அந்தப் பொட்டலத்தையும் சொல்லிவிடுங்கள். மச்சான் வலிப்புக்குச் சாப்பிட்டது லெவிடிராசிடம் மட்டும், அதில் இந்த வம்பு இல்லை.

மருந்துக்கு ஒரு வரிசை உண்டு

கார்ட்டிசாலும் தைராய்டும் சேர்ந்து குறைந்திருந்தால் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகுதான் தைராக்ஸின். மாற்றிச் செய்தால் ஆபத்து. தைராய்டு மாத்திரை உடம்பின் ஓட்டத்தைக் கூட்டி, இருக்கும் கொஞ்சநஞ்சக் கார்ட்டிசாலையும் வேகமாகத் தீர்த்துவிடும். ஆள் மயங்கி விழலாம். ஃப்ரீ டி4 குறைவு என்று தெரிந்த அன்றே நானாக 50 மைக்ரோகிராம் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. கவுன்டரில் கேட்டால் கொடுத்திருப்பார்கள்.

ஹைட்ரோகார்ட்டிசோன் பொதுவாக நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம், இரண்டு மூன்றாகப் பிரித்து, காலையில் எழுந்ததும் பெரிய பங்கு. காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் ஊசி போட ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருப்பது நல்லது. எக்காரணம் கொண்டும் தானாக நிறுத்தக் கூடாது.

டெஸ்டோஸ்டீரானுக்கு ஊசியும் ஜெல்லும் உண்டு. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெஸ்டோஸ்டீரான் விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். அவர்களுக்கு வேறு ஊசிகள் இருக்கின்றன. வளர்ச்சி ஹார்மோன் தினசரி ஊசி, விலையும் கை சுடும். தானாகவே மீளும் வாய்ப்பு இருப்பதால் பெரியவர்களுக்கு ஒரு வருடமாவது பொறுத்துத்தான் முடிவெடுப்பார்கள். குழந்தைகள் என்றால் கதை வேறு: அடிபட்ட பிள்ளையின் உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டாவது குறித்து வையுங்கள். வளர்ச்சி நின்றாலோ, பருவமடைதல் தாமதமானாலோ, வயதுக்கு மிக முன்னதாக வந்தாலோ அந்தக் கோடும் தேதியும் டாக்டருக்கு உதவும்.

ஹைட்ரோகார்ட்டிசோன் தொடங்கிய இரண்டாவது வாரமே மச்சான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் பட்டறையில் நின்றார். தைராக்ஸின் சேர்ந்த பிறகு குளிர் போயிற்று. டெஸ்டோஸ்டீரான் ஊசி கடைசியாக வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஆட்களின் பெயர் மறக்கிறது, சத்தமான இடத்தில் சட்டென்று எரிச்சல் வருகிறது. அது மூளைக்காயத்தின் பங்கு, அதற்கு எந்த மாத்திரையும் இல்லை என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். 12-ம் மாதச் சோதனையில் ஃப்ரீ டி4, கார்ட்டிசால் எதுவும் தானாக மீண்டதாகத் தெரியவில்லை. ஐ.ஜி.எஃப்-1 மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது.

காய்ச்சலுக்கான அட்டையைத் தங்கச்சி அவர் போன் கவருக்குள் சொருகி வைத்திருக்கிறார். போன மாதம் கடையில் பிளேடு பாக்கெட் வாங்கும்போது மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.